துவைக்கிற கல்லைப் புரட்டியபோது

கொடும்பாளூர்

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய பணம் வந்தது. பின்கட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரு காரியத்தை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன்.

கிணற்றடியில் உன் அப்பத்தா துணி துவைத்த கல் நினைவிருக்கிறதா? உன் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் அதில்தான் வெளுத்தது. அஸ்திவாரத்துக்கு ஆகும் என்று கொத்தனார் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார். அடியில் மண் அப்பிக்கொண்டு ஒரு பூதகணம். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். உப்பிய கன்னம், உருண்ட தொப்பை, ஒரு காலைத் தூக்கி ஆடுகிறது. மூக்கு மட்டும் சிதைந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அதன் முதுகில்தான் அடித்துத் துவைத்திருக்கிறோம்.

மூவர் கோயில் கல்லாக இருக்கும் என்றே என் மனசு சொல்கிறது. நம் ஊரை ஆண்ட இருக்குவேள் குலச் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி தனக்கும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவருக்குமாக எடுத்த மூன்று விமானங்கள். நடுவிலும் தெற்கிலும் உள்ளவை நிற்கின்றன. வடக்கே வெறும் அடித்தளம். சுற்றியிருந்த சின்னக் கோயில்களிலும் அடித்தளம்தான் மிச்சம். கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துபோனதால், அவர் காலம் 9-ஆம் நூற்றாண்டா 10-ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

சின்ன வயதில் அந்த மேடைகளில் தாவிக்கொண்டே, "மேல இருந்த கல்லெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய். இடி விழுந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். அப்போதும் இந்தக் கல் நம் வீட்டில்தான் கிடந்தது, தாயி. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மதுரைக்குப் போகும் வழி, சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரிகிற இடம் என்று சிலப்பதிகாரம் சொல்லும் 'கொடும்பை' நம் ஊர்தான். அந்த ஊர்க் கல்லை அஸ்திவாரத்தில் புதைக்க எனக்குக் கை வரவில்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோயிலுக்கே போனாலும் சரி, நம் ஊர்ச் சிற்பங்கள் இருக்கிற புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனாலும் சரி. அதுவரை திண்ணையில் சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். தெருப் பிள்ளைகள் வந்து தொப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கிணற்றடிக்குச் சிமென்ட் மேடை போட இன்னும் 4,000 ரூபாய் ஆகுமாம். அவசரமில்லை. லீவுக்குப் பேரனை அழைத்து வா. வடக்கு அடித்தளத்தை அவனுக்கு நான் காட்ட வேண்டும். இந்தத் தடவை இடி விழுந்ததென்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா