மூன்றாம் சரணம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

ஆலயப் பாட்டெல்லாம் தெரியும், ஆனால் வரிகளைக் காட்டும் திரை இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்தில் வாய் அடைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரிந்தது மெட்டு அம்மா, சொல் அல்ல. அடுத்த வரியைக் கண் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மனசுக்கு வேலை ஏது?

முதலில் மெட்டை விட்டுவிடு. பாட்டை வசனம்போல, எழுவாய் பயனிலை விளங்கும்படி வாய்விட்டு வாசி. பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்தில் உள்ளவற்றுக்கு இது கட்டாயம். அவற்றில் பல, வேற்றுமொழி மெட்டுக்குள் தமிழை அடக்கியவை. ராகம் நிற்கிற இடத்தில் பொருள் நிற்காது. பொருள் பிடிபடாத வரி நெஞ்சில் தங்காது. தமிழிலேயே எழுந்த கீர்த்தனைகள் அந்த விதத்தில் லேசு. எதுகை இருக்கிறதே! அடிகளின் முதல் சொல்லை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள். ஒன்று மற்றதை இழுத்து வரும். வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரெய எழுத்து 22-க்கும் எட்டெட்டாக, அந்தந்த எழுத்தில் தொடங்கி வரிசையில் நிற்பதும் இதுபோல ஒரு பிடிதான்.

நாளுக்கு ஒரு சரணம் போதும். நான்கு சரணப் பாட்டானால் கடைசியிலிருந்து தொடங்கு. முதல் சரணம் எல்லாருக்கும் வரும். நேரமில்லை என்றால் வெட்டுப்படுவது மூன்றாவது, அதனால் அதுதான் எப்போதும் நொண்டும். பின்னிருந்து படித்தால், பாடப் பாட நன்றாகத் தெரிந்த பகுதிக்கு வந்து சேர்வாய். ஐந்தாம் நாள் மெட்டோடு முழுவதும் பாடு. பிறகு மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் விட்டுப் பாடிப் பார். தடுக்கினால் உடனே புத்தகத்தைப் புரட்டாதே, அரை நிமிடம் தேடு. பாடி முடித்தபின் ஒப்பிட்டுத் திருத்து. திருத்தாத பிழை அப்படியே ஊறிவிடும்.

பல்லவி திரும்பத் திரும்ப வரும் பாட்டில் அடுத்த சரணம் எது என்று குழம்பும். அங்கே கருத்தின் வரிசையைப் பிடி: இயேசுவின் பிறப்பு, சிலுவை, உயிர்ப்பு, மறுவருகை என்று போகிற பாட்டுகள் நிறைய.

பிலிப்பி ஊர்ச் சிறையில் இயேசுவின் ஊழியர்களான பவுலும் சீலாவும் நடுராத்திரியில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்கப் பாடினார்கள். பிறகு சிறைச்சாலைக்காரன் தீபங்களைக் கொண்டுவரச் சொல்கிறான் (அப்போஸ்தலர் 16:29). அதுவரை இருட்டுதான், பார்த்துப் பாட வழி ஏது?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டாயே: ஒரு மாலைப் பாட்டு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒரு பாட்டு, நோயாளியின் கட்டிலருகே மெதுவாகப் பாடத்தக்க ஒன்று. பேர் மறந்துபோன முதியவர்கள்கூடப் பழைய பாட்டுக்கு உதடசைப்பதுண்டு. அந்த நேரத்தில் போனில் வரி தேடினால் அவர்கள் கண் உன்னைவிட்டுப் போய்விடும். அதனால் மூன்றாவதாகச் சொன்ன பாட்டை முதலில் படி.

அன்புடன்,
அப்பா