ஓடி வருகிறவர்களை மறிக்க வாசலில் ஓர் ஆள் வேண்டும்: பட்டாசு ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

தீக்காயப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் கேட்க வந்தது, இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் தீப்பிடித்துவிட்டால் முதல் பத்து நிமிடம் உங்கள் ஆலையில் என்ன நடக்கும் என்பதை.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைக் கண்டு, உள்ளே சிக்கியவர்களை மீட்கலாம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். தீ பரவிப் பெரிதாக வெடித்தபோது அவர்கள் அருகில் நின்றுகொண்டிருந்தார்கள். உதவ ஓடி வந்த குணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாளை உங்கள் ஆலையில் புகை கிளம்பினாலும் ஊர் ஓடி வரத்தான் செய்யும். "இன்னும் வெடிக்கும், போகாதீர்கள்" என்று வாசலில் மறிக்கப் போவது யார்? அவர் பெயர் என்ன? அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார்?

போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான செயல்முறைகள் உள்ள ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைத் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்தில் வாழும் மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். ஊராரையும் சேர்த்தே நினைத்த சட்டம் அது. அலமாரியில் பூட்டிய கோப்பு ஊராருக்கு எதையும் தெரிவிக்காது. ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு மாலை கூட்டம் போட்டுச் சொன்னால் போதும்.

அடுத்தது ஆள் கணக்கு. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20க்கும் மேற்பட்டோரை இழந்தோம். ஆலை உள்குத்தகைக்கு, அதாவது உரிமையாளர் தானே நடத்தாமல் வேறு ஆட்களுக்கு, விடப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. உள்குத்தகை சட்டவிரோதம் என்பது இருக்கட்டும். மீட்பு வேலையில் அது செய்யும் கேடு தனி. அவரவர் கூட்டி வந்த ஆட்கள் எத்தனை பேர், எந்த அறையில் யார் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கேட்பதோ அதைத்தான். காலையில் வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் அறை எண்ணும் வாசல் காவலரின் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்த அறையில் என்ன மருந்து இருக்கிறது என்று காட்டும் வரைபடமும் அங்கேயே இருக்கட்டும். லோடு ஏற்ற வந்த லாரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்த விடாதீர்கள், தீயணைப்பு வண்டிக்கு வேறு வழியில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். அலுமினியப் பொடி கலந்த மருந்து எரியும்போது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் உண்டாகித் தீ சீறும். மருந்தில் தீப்பிடித்துவிட்டால் அணைக்க நிற்கவே கூடாது, ஓட வேண்டும். ஆனால் வெளியே வந்தவரின் தீக்காயத்துக்குத் தண்ணீர்தான் முதல் சிகிச்சை. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓட விட வேண்டும். ஐஸ் வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108இல் ஏற்றுங்கள். பேனா மையும் பற்பசையும் பூசிய உடம்புகளை நான் எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். அந்த வலியில் அவர்கள் கத்தியது தேவையே இல்லாத கத்தல். இதை ஓர் அறைக்கு ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். ஆபத்தில்லாத தொலைவில், ஆட்கள் வந்து கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்காமல் பயனில்லை. ஒத்திகை என்றாலே நம் பெண்கள் தயங்குவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது அன்றைய வருமானத்தில் ஒரு துண்டு. எனவே ஒத்திகை நேரத்துக்குக் கூலி கொடுங்கள். புது ஆட்கள் நிறைய வரும் தீபாவளி சீசனில், வேலை மும்முரமாக இருக்கும் நாளிலேயே அதை நடத்துங்கள். மணி அடித்ததும் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதை உங்கள் போர்மேன் தன் வாயால் சொல்லட்டும். மிச்ச வேலையை முடித்துவிட்டு எழலாம் என்று உட்கார்ந்திருக்கும் அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

முதலுதவி சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போல் ஓய்வுபெற்ற சில செவிலியர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். எந்த ஆலை, எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்