தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு: ஊரக வளர்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கணினிசார் சமூக அறிவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் மாணவி நான். கிராம சபையில் யார் பேசுகிறார்கள், எதைப் பேசுகிறார்கள், பேசியதற்குப் பதில் கிடைக்கிறதா என்பதுதான் என் ஆய்வு. ஜமக்காளத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பல சபைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லவே இந்த மடல்.

அது ஓர் அக்டோபர் 2. ஊர்ப் பெயர் வேண்டாம். வரவு செலவு வாசித்து முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். "எல்லாத் தெருவுக்கும் தண்ணி வருது. எங்க தெருவுக்கு மட்டும் நாலு நாளா வரல. கேட்டா மோட்டார் ரிப்பேருங்கிறீங்க. ஒரே மோட்டார்தானே எல்லாத்துக்கும்?" கூட்டம் அப்படியே அடங்கியது. "பார்க்கலாம்மா, உட்காருங்க" என்றார் பற்றாளர், அதாவது சபையைக் கவனிக்க அரசு அனுப்பிய அலுவலர். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சில வாரம் கழித்துத் தீர்மானப் பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டு, தடையின்றி வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தது. அதை எழுதிய ஊராட்சி செயலர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பதிவேட்டில் தீர்மானத்துக்குத்தான் இடம் உண்டு, பேச்சுக்கு இல்லை. ஆனால் "எங்க தெருவுக்கு மட்டும்" என்ற மூன்று சொல் காணாமல் போய்விட்டது. அது யாருடைய தெரு, ஏன் அதற்கு மட்டும் வரவில்லை என்ற கேள்வி முழுவதும் அந்த மூன்று சொல்லில்தான் இருந்தது.

பேச்சை அப்படியே பதிவு செய்தால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் நம் கிராம சபைகளின் பேச்சுப் பதிவுகளைக் கணினி வழியே ஆராய்ந்தார்கள். அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் 2019இல் அது வெளிவந்தது. கிராம சபை வெறும் பேச்சு மடம் அல்ல, அங்கே மக்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள் என்று அது காட்டியது. கூடவே, ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே பேசுகிறார்கள், பேசினாலும் அவர்கள் கேட்டதற்குப் பொருத்தமான பதில் அதிகாரிகளிடமிருந்து கிடைப்பது குறைவு என்றும் காட்டியது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்கள் பேசுவது பெரிதாகக் கூடவில்லை, ஆனால் அவர்கள் பேச்சு காதில் வாங்கப்படும் வாய்ப்பு கூடியிருந்தது. இவற்றில் எதையும் தீர்மானப் புத்தகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்று கேட்கவேண்டிய கேள்வி அதைவிடக் கனமானது. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று சட்டம் செய்த மாநிலம் இது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. பெண் தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத் தனி அலுவலர் வந்தபின் அந்த ஊர்ப் பெண்களின் பேச்சு காதில் வாங்கப்படுவது குறைந்ததா? இதற்கு விடை தேடத்தான் என் ஆய்வைத் தொடங்கினேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முன்னும் பின்னும் பேச்சுப் பதிவு இல்லை. ஏறத்தாழ பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள், ஆண்டுக்கு ஆறு சபை. அப்படியென்றால் ஏறத்தாழ 75,000 கூட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் அத்தனை பேச்சும் காற்றோடு போகிறது.

ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14 அன்று 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் திரிபுராவில் தொடங்கிவைத்தது. சபையின் ஒலிப்பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தானே எழுதித்தரும், தமிழிலும் தரும். செயலர்களின் சுமை குறைந்தால் நல்லதுதான். என் பயம் வேறு. சுருக்கி எழுதும் எந்தக் கருவிக்கும் "எங்க தெருவுக்கு மட்டும்" என்பது "குடிநீர்ப் பிரச்சினை" ஆகிவிடும். "தண்ணி வரலீங்க", "தண்ணியே வர்றதில்ல", "தண்ணீர் வருவதில்லை" மூன்றும் ஒன்றே என்று கணினிக்குக் கற்றுத்தர நான் மாதக்கணக்கில் கையால் குறித்துக்கொண்டிருக்கிறேன். வட்டாரப் பேச்சு, குறுக்கே விழும் ஒலிபெருக்கி இரைச்சல், ஒரே நேரத்தில் நாலு பேர் குரல், எல்லாவற்றிலும் கருவி தடுமாறும். மைக்கைக் கையில் வாங்காமல் பின்வரிசையிலிருந்து பேசுபவரின் குரல்தான் முதலில் விழுந்துபோகும். பெரும்பாலும் அது பெண் குரல்.

அதனால் கேட்கிறேன். தீர்மானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே பேச்சையும் எழுத்தாக்கி வையுங்கள். பேசியவர் ஆணா பெண்ணா, என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார், அடுத்த சபைக்குள் வேலை நடந்ததா, இவ்வளவு போதும். கருவி எழுதியதை ஒரு மனிதர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். அதை ஒருங்குறியில் (யூனிகோட்), கணினி தேடிப் படிக்கக்கூடிய எழுத்தாக வெளியிடுங்கள். ஸ்கேன் செய்த படமாகப் போட்டால் தேடவும் முடியாது, எண்ணவும் முடியாது.

பெயர்கள் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். தலைவரை எதிர்த்துக் கேட்டவர் நாளைக்கும் அதே ஊரில்தான் தண்ணீர் பிடிக்கவேண்டும், நூறு நாள் வேலைக்குப் போகவேண்டும். பெயர், கதவு எண், உறவுமுறை எல்லாவற்றையும் நீக்கிய பிரதிதான் வெளியே வரவேண்டும். மூல ஒலிப்பதிவு ஆய்வாளர் கைக்கும் வரக்கூடாது, என் கைக்கும்தான்.

ஒரே நாளில் மாநிலம் முழுவதும் செய்யச் சொல்லவில்லை. வரும் நவம்பர் 1, உள்ளாட்சி நாள் சபையில், ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் மட்டும் செய்து பாருங்கள். பேச்சை வகைப்படுத்த நான் எழுதிய தமிழ்க் கையேட்டையும், இதுவரை திருத்திவைத்திருக்கும் வட்டாரச் சொற்பட்டியலையும் துறைக்கு அப்படியே தந்துவிடுகிறேன். செயலர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றாலும் வருகிறேன்.

அந்த அம்மாவின் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். "இதையாச்சும் எழுதிக்கிட்டியா பாப்பா?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்டார்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருத்தி