பொருள்: டேட்டாபேஸ் மாற்றத்தில் என் கடை வெப்சைட்டின் தமிழ் முழுவதும் அழிந்தது குறித்துப் புகார்

ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் 'உங்கள் டிக்கெட் பதிவாகிவிட்டது' என்ற ஒரே வரிதான் பதில். இதையாவது யாராவது உட்கார்ந்து படியுங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் நைட்டி, குழந்தைகள் உடை மொத்த வியாபாரம் செய்கிறேன். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் என் சைட்டைப் புது சர்வருக்கு மாற்றச் சொன்னது நீங்கள்தான். சைட்டின் விவரமெல்லாம் சேமிக்கப்படும் டேட்டாபேஸை நாங்களே செட்டப் செய்கிறோம் என்றீர்கள். மாற்றியதிலிருந்து மூன்று நாள் 'எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன்' என்ற வரியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. டேட்டாபேஸை உருவாக்கினீர்கள், சைட் அதில் நுழைவதற்கான யூசரையும் உருவாக்கினீர்கள், அந்த யூசருக்கு டேட்டாபேஸில் அனுமதி கொடுக்கவில்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் 'ஆல் பிரிவிலேஜஸ்' (எல்லா அனுமதியும்) கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான் வேலை. பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் வந்துதான் அதைப் போட்டான்.

சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். சைட் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி! '??????? 22, 180' என்று நிற்கிறது. சைஸும் விலையும் தெரிகிறது, எந்தத் துணி என்று தெரியவில்லை. டேட்டாபேஸை ஆங்கிலம் போன்ற மேற்கத்திய மொழிகளுக்கான லத்தீன்1 எழுத்துமுறையில் போட்டிருக்கிறீர்கள். அதில் தமிழ் நிற்காது. கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் பழைய எழுத்தை அதிலிருந்து மீட்கவும் முடியாது. வேர்ட்பிரஸே 2015-இல் 4.2 பதிப்போடு, தமிழ் உட்பட எல்லா மொழியும் நிற்கும் யுடிஎஃப்8எம்பி4 எழுத்துமுறைக்கு மாறிவிட்டது. ஹோஸ்டிங்கையே தொழிலாகச் செய்கிற உங்களுக்குத் தெரியாதா?

இதைச் சொன்னபோது போனில் பேசிய உங்கள் ஆள், "தமிழ்ல போட்டா அப்படித்தான் சார் வரும், இங்கிலீஷ்ல டைப் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் கட் செய்தார். என்னிடம் சரக்கு எடுப்பவர்கள் திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள். அவர்கள் தமிழில்தான் படிப்பார்கள். அந்த அழைப்பின் பதிவை நீங்களே போட்டுக் கேளுங்கள்.

கிண்டி அலுவலகத்துக்கும் வந்தேன். கடையைப் பூட்டிவிட்டு மெட்ரோவில் வந்தால், வரவேற்பில் இருந்தவர் டெக்னிக்கல் ஆட்கள் யாரையும் நேரில் பார்க்க முடியாது, ஆன்லைனில் டிக்கெட் போடுங்கள் என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றேன், ஒருவரும் வெளியே வரவில்லை. வரச் சொன்னதே உங்கள் போன் ஆள்தான். இங்கிலீஷில் போடச் சொன்ன அதே ஆள்!

340 பொருட்களின் விவரத்தை என் மனைவி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து டைப் செய்தாள். தீபாவளி ஆர்டர் வருகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. இந்த வருட வியாபாரமே போய்விட்டது, பதினைந்து வருடமாகச் சேர்த்த பெயரும் போய்விட்டது.

தயவுசெய்து மாற்றத்துக்கு முந்தைய நாளின் பேக்கப்பை எடுத்து, யுடிஎஃப்8எம்பி4-இல் புது டேட்டாபேஸ் உருவாக்கி ஏற்றிக் கொடுங்கள். தினசரி பேக்கப் உண்டு என்று உங்கள் பிளானிலேயே இருக்கிறது. அது கைக்கு வரும்வரை பழைய சர்வரில் எதையும் அழிக்காதீர்கள். பேக்கப் இல்லையென்றால் இந்த வருடப் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். எல்லா டிக்கெட் எண்ணும், ஸ்கிரீன்ஷாட்டும், கிண்டிக்கு வந்த மெட்ரோ டிக்கெட்டும் கையில் இருக்கின்றன.

மதியம் 2 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அப்போதுதான் கடையில் கூட்டம் குறையும். விஷயம் தெரிந்த ஒருவரே பேசட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வண்ணாரப்பேட்டை