கெராச்சூட் குளத்துப் படம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நம் தோட்டத்துப் பள்ளி வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையா! இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது.

நான் அனுப்பிய குளத்துப் படத்தை எந்த நாட்டில் எடுத்தாய் என்று கேட்டிருந்தாய். இங்கேதான், மலேசியாவில், பினாங்கில். தெலுக் பஹாங் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கினால், பக்கத்திலேயே தேசியப் பூங்காவின் வாசல். அங்கே பெயரைப் பதிந்துவிட்டுக் காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கினால் பந்தாய் கெராச்சூட் என்ற கடற்கரை. மணலுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் குளம். மேலே மழைத்தண்ணீர், அடியில் கடல்தண்ணீர். உப்புத்தண்ணீர் கனம் என்பதால் அடியிலேயே தங்கிவிடும், இரண்டும் கலக்காது. வறண்ட மாதங்களில் போனால் குளமே இருக்காது, வெறும் சேறுதான்.

அந்த ஒரு படத்துக்கு நான்கு முறை போனேன். முதல் முறை சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை உச்சி வெயில், தண்ணீர் வெள்ளைத் தகடு மாதிரி கண்ணைக் கூச வைத்தது. மூன்றாம் முறை மழை விடவே இல்லை. நான்காம் முறை மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. காற்று அசையவில்லை. ஆனால் இலை நுனியிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும் தண்ணீரில் ஒரு வட்டம் போட்டு, மலையின் நிழலைக் கலைத்துக்கொண்டே இருந்தது. டிரைபாடை ஊன்றிவிட்டுக் காத்திருந்தேன். லென்ஸ் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் பில்டரைத் திருப்பிப் பார்த்தால் மினுமினுப்பு போய் அடித்தரை பழுப்பாகத் தெரிந்தது, ஆனால் தண்ணீரில் தெரிந்த வானமும் கூடவே போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டேன். சொட்டு நின்று வட்டம் அடங்கிய நேரத்தில் எடுத்ததுதான் உன்னிடம் இருக்கும் படம்.

அதனால்தான், ஆளில்லாத இயற்கையை எடுக்க நியூசிலாந்துக்குத்தான் போகணும் என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. இதே பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை மங்கி பீச்சில் படகு படகாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். கெராச்சூட்டுக்கும் படகு உண்டுதான். ஆனால் வார நாளில், காலையிலேயே நடந்து போனால் படகுகள் வருவதற்கு முன்னால் குளமும் கரையும் உனக்கு மட்டும்தான். நம்மை நம்பித் தாவாமல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் குரங்கைக்கூட அப்படித்தான் பார்த்தேன், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு.

ஒன்று மட்டும் சொல்லணும். அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிட வரும், ஆமைப் பாதுகாப்பு மையமும் அங்கே இருக்கிறது. ஒருமுறை அனுமதி வாங்கிக் கூடாரம் போட்டிருந்த இரவில், மணலேறி வந்த ஆமையின் முகத்துக்கு நேராக ஒருவர் பிளாஷ் அடித்தார். அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பியது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. அதற்கு அப்புறம் இருட்டில் நான் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

சரி, தீபாவளி முடிந்த வாரம் வந்துவிடு. மழைக்காலம், குளம் நிறைந்திருக்கும். ஏர்கான் அறையிலிருந்து எடுத்ததும் லென்ஸ் பனித்துவிடும், அதனால் கேமராவை முதல் நாள் இரவே வெளியே, பைக்குள் வைத்துவிடலாம். மழைக்குப் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று, வழுக்காத காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உன் பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸையும் எடுத்து வா, அந்தக் குளத்தை அதில் பார்க்கணும் என்று ஆசை. ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து ஃபெரி ஏறு. இந்தப் பக்கத் துறையில் நான் நிற்கிறேன், பசியாறிவிட்டு நேராகத் தெலுக் பஹாங் போகலாம்.

அன்புடன்,
உன் நண்பன்