முதல் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். தசரா விடுமுறையோடு முதல் பருவம் முடிகிறது. தேர்வுகள் நல்லபடியாக நடந்தன. கோ-கோ அணி நன்றாக ஆடியது, கன்னடப் பேச்சுப் போட்டியிலும் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

வாசலோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் மூன்று ஒலிக்கூம்புகளைப் பார்த்திருப்பீர்கள். எஸ்தோனியாவில் 2015இல் கலைக்கல்லூரி மாணவர்கள் காட்டுக்குள் மூன்று பெரிய மரக்கூம்புகளை வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்து காட்டின் ஓசையைக் கேட்கலாம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் மூங்கிலிலும் தகரத்திலும் சிறியதாகச் செய்தார்கள். அதற்கு முன் லால்பாகிலும் அல்சூர் ஏரிக்கரையிலும் சுற்றி, எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று பழகிக்கொண்டார்கள். இப்போது நடைபாதையில் போகிற எவரும் நின்று கேட்கலாம்: குக்குறுவானின் விடாத "குட்ரூ, குட்ரூ", கொண்டைக்குருவியின் பேச்சு, மேலே வட்டமிடும் கரும்பருந்தின் நடுங்கும் சீழ்க்கை.

ஆனால் காலை எட்டரைக்கும் மாலை மூன்றரைக்கும் அங்கே கேட்பது ஹாரன்தான். கூம்பின் அகன்ற வாய் வருகிற ஒலியையெல்லாம் திரட்டிக் காதில் சேர்க்கும், பறவைக் குரலை மட்டும் பொறுக்கி எடுக்காது. போன வாரம் ஒரு சிறுமி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற கார் நீளமாக ஹாரன் அடித்தது. பாவம், காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

உங்கள் அவசரம் புரிகிறது. வேலைக்கு நடுவில் ஓடி வருகிறீர்கள், தெருவோ குறுகல். ஆனால் ஹாரன் அடிப்பதால் பிள்ளை சீக்கிரம் வந்துவிடாது, வகுப்பு வரிசைப்படிதான் வெளியே அனுப்புகிறோம். நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் சுருதியை உயர்த்திப் பாடுவது தெரியவந்தது. கடைசி பீரியடில் நம் ஆசிரியர்களும் குரலை உயர்த்தித்தான் பாடம் நடத்துகிறார்கள். அது பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, அமைதி மண்டலத்தில் பகல் வரம்பு 50 டெசிபல், ஹாரனுக்கு அனுமதி இல்லை. 'அமைதி மண்டலம்' என்ற பலகை நம் வாசலிலேயே இருக்கிறது. விடுமுறைக்குப் பிறகு ஹாரன் அடிக்கும் வண்டியில் பிள்ளையை ஏற்ற மாட்டோம். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்துதான் அழைத்துப்போக வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

பெரும்பாலானவர்கள் இப்போதே அப்படித்தான் வருகிறீர்கள் என்பதையும் அறிவேன். மூங்கில் வாங்கித் தந்தவர்களுக்கும், தகரத்தை வெட்டி விளிம்பு மடித்துக் கொடுத்த அப்பாக்களுக்கும், சொல்லாமலே தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிடும் ஆட்டோ அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து கேளுங்கள். காலை ஆறரைக்கு மேல் வாட்ச்மேன் இருப்பார், கேட் திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்