கயலுக்கு, மைரா பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மாதக்கணக்கில் மெல்ல ஒளி மாறும் விண்மீனான மைரா சனிக்கிழமை 3.4 மேக்னிடியூட், ஞாயிற்றுக்கிழமை 4.0 (எண் ஏறினால் ஒளி குறைவு). ஒரே நாளில் 0.6 மங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை, போனும் எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கட்டும். கணக்கையாவது பார்ப்போம்.

நேரம், லென்ஸ், எக்ஸ்போஷர் எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறாய். அதனால்தான் என்னால் இங்கிருந்தே சரிபார்க்க முடிகிறது. ஆனால் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம் என்று எழுதவில்லையே கண்ணு. சனிக்கிழமை 7:15-க்கு எடுத்தாய், பெங்களூரில் மைரா அப்போது சுமார் 36 பாகையில் இருக்கும். ஞாயிறு எடுத்தது 8:40-க்கு. அதற்குள் 15 பாகைக்கு இறங்கிவிட்டது. நீ ஒப்பிட்ட ஆல்பா சீட்டை என்ற விண்மீன் மைராவுக்குக் கிழக்கே தள்ளி, ஏறக்குறைய 13 பாகை தூரத்தில் இருக்கிறது. மேற்கே சாயும்போது அது மைராவுக்கு மேலே நிற்கும், அந்த நேரத்தில் 27 பாகை. 15 பாகையில் ஒளி கடக்கும் காற்று உச்சியில் இருப்பதைப்போல் 3.8 மடங்கு, 27 பாகையில் 2.2 மடங்கு. ஒரு மடங்குக்கு 0.3 மேக்னிடியூட் தின்றால் மைராவுக்கு மட்டும் 0.48 கூடுதல் இழப்பு. சனிக்கிழமை அந்த வித்தியாசம் 0.1-தான். உன் 0.6-இல் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. தூசி கூடிய இரவென்றால் இன்னும் போகும்.

தாழ்வாக இருப்பது மட்டும் குற்றமில்லை. வானியலாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் சென்னையிலிருந்து கண்டுபிடித்த ஆர் ரெடிகுலி விண்மீன், அங்கே உச்சத்துக்கு வந்தாலும் 14 பாகைக்கு மேல் ஏறாது. அதுவும் மைராவைப்போல் ஒளி மாறும் வகைதான். ஒப்பீட்டு விண்மீன் பக்கத்திலேயே, அதே உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்கு மைராவுக்குப் பக்கத்திலேயே டெல்டா சீட்டை விண்மீன் இருக்கிறது, 4.1. அதையும் காமா சீட்டையையும் (3.5) அதே படத்தில் அளந்து பார். இரண்டுக்கும் வித்தியாசம் 0.6-க்குப் பக்கத்தில் வராவிட்டால் மேகமோ கேமராவோதான் காரணம், மைராவைத் தொடவே வேண்டாம். இவை இரண்டும் வெள்ளை, மைரா சிவப்பு. நிறத் திருத்தம் போடாமல் கேமராவின் பச்சை சேனல் அளவை அப்படியே எழுதாதே. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து எடு. 14-பிட் கேமராவில் ஒரு புள்ளி காட்டக்கூடிய உச்ச எண் 16,383, எந்தப் புள்ளியாவது 11,000 தாண்டினால் அந்தப் படத்தைத் தள்ளிவிடு. பத்துப் படமாவது சேர்த்துச் சராசரி எடு.

கண்ணால் பார்ப்பதானால் உற்றுப் பார்க்காதே. உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிவப்பு விண்மீன் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். களைத்த கண்ணுக்கு இன்னும் மோசம். தூங்கி எழுந்த கண் வேண்டும்.

மைரா திடீரென்று மாறியிருக்குமோ என்ற உன் சந்தேகம் வீண் என்று சொல்லவில்லை. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை எடுத்த அளவுகளில், 39 மைரா வகை விண்மீன்களில் 51 திடீர் மாற்றங்கள் இருப்பதாக 1998-இல் எழுதினார்கள். இரண்டு மணி நேரம் முதல் ஆறு நாள் வரை, 0.2 முதல் 1.1 மேக்னிடியூட் வரை. 2004-இல் ஓகிள் என்ற வான ஆய்வின் அளவுகளில் 485 மைரா வகை விண்மீன்களில் தேடியபோது அப்படி ஒரு மாற்றம்கூடச் சிக்கவில்லை. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது அகச்சிவப்பை ஒட்டிய வடிகட்டி. இந்த விண்மீன்களில் இருக்கும் டைட்டானியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், வெப்பம் சிறிது மாறினாலும் அங்கே பெரிதாகத் தெரியும். அதனால் வழக்கு இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

மைராவின் ஆரம் சூரியனைப்போல் 350 மடங்கு என்று வைத்துக்கொள். நொடிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வாயுவுக்கு அதைக் கடக்க ஒன்பது மாதம் ஆகும். முழு உடம்பும் ஒரே நாளில் மாற வழியில்லை. மாறினால் ஒரு சிறு இடம், இல்லையென்றால் மைராவின் துணை விண்மீன். 1923-இல் வானியலாளர் ஏய்ட்கன் பார்த்த அந்தத் துணை நிமிடக் கணக்கில் மினுக்கும், உண்மைதான். ஆனால் அதை மைரா 9-க்கு மங்கிய பிறகு நீல வடிகட்டியில் தேட வேண்டும். இப்போது 3.5-இல் மைரா நிற்கிறது, துணை 10 என்றாலும் 400-இல் ஒரு பங்கு. அது இரட்டிப்பானாலும் உன் கேமராவுக்குத் தெரியாது.

இன்னொன்று. ஆர் லியோனிஸ் என்ற இன்னொரு மைரா வகை விண்மீனை எடுத்த நேரம் இரவு 2:50, 3:10, 3:20 என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் வேலை நாள். மார்ச் மாதத்தில் அது 9 மணிக்கே 60 பாகைக்கு ஏறிவிடுகிறது. மூன்று மணிக்கு 30-க்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. 9-க்கு எடு, பத்துக்குப் படு. அது ஒளி கூடிக் குறைய 310 நாள் ஆகும், ஓரிரவு விட்டால் ஒன்றும் ஆகாது. தூக்கம் வராமல் மாடிக்குப் போகிறாய் என்றால் அது வேறு விஷயம், அதை என்னிடம் சொல்.

4.0-ஐ அழித்துவிடாதே. தாழ்வு, மங்கல் வானம் என்று குறிப்புப் போட்டு வை. ஏப்ரலில் மைரா சூரியனோடு போய்விடும், அதற்குள் நாலைந்து நாள் 7:15-க்கே எடு. உயரம் எழுது. புதன்கிழமை ஆர் லியோனிஸை முடித்துவிட்டு ஒன்பதரைக்குக் கூப்பிடு. அப்பா போன் சரியில்லை, என் நம்பருக்கே போடு. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அம்மா